எட்டாவது எண்

அவர் யாரிடமும் எதையும் கேட்கமாட்டார். மணி கேட்கமாட்டார், வழி கேட்கமாட்டார், சாப்பாட்டில் உப்பு இல்லையென்றால் உப்பும் கேட்கமாட்டார். ஒருமுறை கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் போர்டு மாட்டாமல் நின்ற ஒரு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டார். கண்டக்டர் டிக்கெட் கிழிக்க வந்தபோதுதான் அது சங்கராபுரம் போகிற பஸ் என்று தெரிந்தது. அதற்குள் ஊர் தாண்டிவிட்டது. ஏறும்போது அதே கண்டக்டர் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தாராம். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மறுநாள் நான் அதைச் சொல்லிச் சிரித்தபோது, "டயர்ல செம்மண் இருந்திச்சு டீச்சர், மலை பஸ்ஸுன்னு நெனச்சிட்டன்" என்றார். டயரைப் பார்த்து ஊரைக் கண்டுபிடிக்கிற ஆள்!

நாங்கள் இருவரும் கல்வராயன் மலைமேல், வெள்ளிமலைப் பக்கம் இருந்த ஒரு உறைவிடப் பள்ளியில் வேலை பார்த்தோம். அவர் கணக்கு, நான் வரலாறு. அவர் சொந்த ஊர் களமருதூர். நான் நைனார்பாளையத்துக்காரி. இருவருமே கள்ளக்குறிச்சியில் வாடகை வீடு எடுத்துத் தங்கி, தினமும் காலை பஸ்ஸில் மலையேறி மாலை பஸ்ஸில் இறங்கினோம். கச்சிராயபாளையம் தாண்டி அணையைப் பார்த்தபடி வளைவுகளில் ஏறுகிற அந்தப் பயணத்தில் பாதிப் பேர் தூங்குவார்கள், மீதிப் பேருக்கு வாந்தி வரும். அவர் மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் சிலேட்டை வைத்துக்கொண்டு வகுத்தல் கணக்குப் போடுவார்.

சின்னப் பிள்ளைகள் வைத்திருக்கிற கல் சிலேட்டுதான். ஒரு பழைய சோப்பு டப்பாவில் ஈரத்துணி இருக்கும். ஒரு கணக்கு முடிந்ததும் துணியால் ஒரே இழுப்பாகத் துடைப்பார். துடைத்துவிட்டு, "அடுத்தது" என்பார். தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுதான். ஆனால் முன் சீட்டில் இருப்பவர்கள் தங்களைச் சொல்கிறாரோ என்று திரும்பிப் பார்ப்பார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் பார்த்திருக்கிறேன்.

"ஒரு நோட்டுல போடலாமே சார்? துடைச்சிட்டா அப்புறம் எப்படித் திருப்பிப் பார்ப்பீங்க?"

"எதுக்கு டீச்சர் திருப்பிப் பார்க்கணும்? முடிஞ்சது முடிஞ்சிபோச்சு."

அவரை இரண்டே வாக்கியத்தில் சொல்லச் சொன்னால் நான் இந்த இரண்டையும்தான் சொல்வேன். கேட்கமாட்டார். திரும்பிப் பார்க்கமாட்டார்.

அந்த வகுத்தல் கணக்கு என்னவென்று ஒருநாள் அவரே சொன்னார். முப்பத்தொன்று ஒரு பகா எண். அதாவது ஒன்றையும் அந்த எண்ணையும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுக்க முடியாத எண். அதன் முன்னால் ஒரு மூன்றைச் சேர்த்தால் முந்நூற்று முப்பத்தொன்று, அதுவும் பகா எண். இன்னொரு மூன்றைச் சேர்த்தால் வருகிற மூவாயிரத்து முந்நூற்று முப்பத்தொன்றும் அப்படித்தான். இப்படியே மூன்றுகளைச் சேர்த்துக்கொண்டே போனால் ஏழு எண்கள் வரைக்கும் எல்லாமே பகா எண்கள்தானாம்.

"எட்டாவது?" என்றேன்.

"அதத்தான் பார்த்துக்கினு இருக்கன்."

எட்டாவது எண் முப்பத்துமூன்று கோடியே முப்பத்துமூன்று லட்சத்து முப்பத்துமூன்றாயிரத்து முந்நூற்று முப்பத்தொன்று. வாயால் சொன்னாலே மூச்சு வாங்குகிறது. சிலேட்டின் மேல் விளிம்பில் எட்டு மூன்றுகளையும் ஓர் ஒன்றையும் வரிசையாக எழுதிவைத்து, சின்ன எண்களிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு பகா எண்ணாலும் அதை வகுத்துக்கொண்டே மேலே போகிறார். பதினெட்டாயிரத்துச் சொச்சம் வரை போனால் போதும் என்றார். அதற்கு மேல் ஒரு எண் வகுத்தால் கிடைக்கிற ஈவு அதற்குக் கீழே இருக்கும், கீழே இருப்பதையெல்லாம்தான் பார்த்தாயிற்றே என்றார். எனக்கு அது புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது.

"ஏதாவது ஒன்னுல மீதியில்லாம போச்சின்னா?"

"போச்சின்னா அது பகா எண் இல்ல. அதுக்கு ஒன்னு போதும் டீச்சர். பகா எண்ணுதான்னு சொல்றதுக்குத்தான் அத்தினியும் பார்க்கணும்."

இந்த எண் அவரைப் பிடித்துக்கொண்ட கதை இன்னும் வேடிக்கை. கல்லூரியில் ஒரு பேராசிரியர் கரும்பலகையில் முதல் ஏழு எண்களையும் எழுதி, எட்டாவதை எழுதிவிட்டு, "இது எப்படி, சொல்லுங்கள்?" என்று திரும்பியபோது மணி அடித்துவிட்டது. நாளைக்குச் சொல்கிறேன் என்று போய்விட்டார். மறுநாள் வீட்டில் கதிரறுப்பு. அம்மா கூப்பிட்டு அனுப்பியிருந்ததால் இவர் களமருதூருக்குப் போய்விட்டார். திரும்பி வந்தபோது வகுப்பு வேறு பாடத்தில் இருந்தது.

"பக்கத்துல உக்கார்ந்த பையனைக் கேட்டிருக்கலாமே சார்!"

"கேட்டா தெரிஞ்சிபோயிடும் டீச்சர்."

"தெரிஞ்சிக்கத்தானே கேக்கறது?"

அதற்கு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தார். வகுப்பில் இருந்த அத்தனை பேருக்கும் அடுத்த நாளே தெரிந்துபோன ஒரு பதிலைத் தேடி இந்த மனுஷன் வருஷக்கணக்கில் சிலேட்டைத் துடைத்துக்கொண்டிருக்கிறாரே என்று எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. பி.டி. மாஸ்டரின் மச்சான் சிங்கப்பூரிலிருந்து ஒரு கால்குலேட்டர் கொண்டுவந்தபோது, நானே அதை வாங்கி அவர் கையில் கொடுத்தேன். அதில் எட்டு இலக்கம்தான் விழும். இவர் எண்ணுக்கு ஒன்பது இலக்கம். பி.டி. மாஸ்டர், "சார், என் மிஷின்ல எடமில்ல. ஒரு மூன எடுத்துடுங்களேன், இன்னா ஆயிடப் போவுது" என்றார். ஸ்டாஃப் ரூமே சிரித்தது. இவருக்கும் சிரிப்பு வந்தது. கால்குலேட்டரை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி சிலேட்டை எடுத்துக்கொண்டார்.

வகுப்பில் இவர் வேறு ஆள். மலைப்பிள்ளைகளை, "கேளுங்கடா, புரியலன்னா கேளுங்கடா" என்று கெஞ்சுவார். வாயே திறக்காத பிள்ளைகளைக்கூடப் பேச வைத்துவிடுவார். ஒரே சந்தேகத்தை எத்தனை தடவை கேட்டாலும் முகம் சுளிக்கமாட்டார். அதனால் பிள்ளைகளுக்கு அவர்மேல் உயிர். பலாப்பழக் காலத்தில் அவர் மேஜைமேல் சுளையும் தேனடையும் எங்கிருந்தோ வந்து உட்கார்ந்திருக்கும். கேட்பது நல்ல காரியம் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. தனக்கு மட்டும் அது ஒத்துவராது என்று எப்போதோ தீர்மானம் செய்துவிட்டிருந்தார்.

இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வருஷங்கள் அவை. ஒரே டீயைப் பங்கு போட்டுக் குடித்த ஸ்டாஃப் ரூமில் நாற்காலிகள் மெல்ல மெல்ல இரண்டு பக்கமாக நகர்ந்தன. யாரும் சண்டை போடவில்லை. ஆனால் ஒருவர் உள்ளே வந்தால் மற்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். இவர் குடும்பம் கேட்கிற பக்கத்தில் இருந்தது. இவருக்கு ஒரே ஒரு தம்பி. களமருதூரில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, அம்மாவையும் வைத்துக்கொண்டு இருந்தவர். அந்தத் தம்பி கூட்டங்களுக்கெல்லாம் போகிறவர் என்று இவரே சொல்லியிருக்கிறார். "கேக்கறது நியாயந்தான். மரத்த வெட்டிப் போடறதுதான் எனக்குப் புடிக்கல" என்பார்.

சாலையில் புளியமரங்களை வெட்டிப் போட்டு மறித்த அந்த வாரம் நாங்கள் மேலேயே மாட்டிக்கொண்டோம். பஸ் இல்லை. நான் பெண்கள் விடுதியில் பிள்ளைகளோடு படுத்துக்கொண்டேன். அவர் வகுப்பறையில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்தார். கடுக்காய் வாங்குகிற ஒரு வியாபாரி கீழேயிருந்து நடந்தே வந்து, "சார், உங்கம்மாவுக்கு முடியலியாம். ஊருலேருந்து சொல்லி அனுப்பினாங்க" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். என்ன ஆச்சு, எப்போது, யார் சொன்னார்கள் என்று எதையும் அவர் கேட்கவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு மலையிறங்கி நடந்தார். வியாபாரிதான் என்னிடம், "இன்னாம்மா, ஒன்னியும் கேக்காம போறாரு?" என்று விழித்தார்.

அவர் களமருதூருக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கருமாதி கழித்துத் திரும்பி வந்தவர், பல நாள் ஆன பிறகு ஒருநாள் பஸ் மலையிறங்கும்போது, சிலேட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"எங்கம்மாவ வண்டியில ஏத்திக்கினு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்க டீச்சர். எலவனாசூர்கோட்டையாண்ட ரோட்ல மரம் கெடந்திருக்குது. அங்கியே உயிரு போயிடிச்சு. அந்த மரத்த வெட்டுனது என் தம்பி."

"யாரு சொன்னது?" என்றேன்.

"எங்க மாமா. ஊருக்குள்ள நொழையும்போதே சொல்லிட்டாரு. கோடாலியோட மரத்தாண்ட நின்னத அவரு கண்ணால பார்த்தாராம்."

"தம்பியைக் கேட்டீங்களா?"

"கேக்க இன்னா இருக்குது?"

துணியை எடுத்துச் சிலேட்டைத் துடைத்தார். அடுத்தது என்றார். அதன்பிறகு அவர் களமருதூருக்குப் போகவில்லை. தம்பி இரண்டு முறை கள்ளக்குறிச்சிக்கு வந்து வாசலில் நின்றார் என்றும், இவர் கதவைத் திறக்கவில்லை என்றும் வீட்டுக்காரம்மா சொல்லிக் கேள்விப்பட்டேன். மூன்றாவது முறை தம்பியும் வரவில்லை. அவரும் அண்ணனுக்குச் சளைத்தவர் இல்லை போலும். இவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. அம்மாவும் போன பிறகு அந்தத் தம்பி குடும்பத்தைத் தவிர அவருக்கு வேறு யாரும் கிடையாது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் விடுதியிலேயே பிள்ளைகளோடு தங்கிவிடுவார்.

அப்படியே வருஷங்கள் போயின. வகுக்கிற எண் ஆயிரங்களைத் தாண்டி, பத்தாயிரத்தையும் தாண்டியது. இவர் எண்ணை முடிப்பதற்குள் எனக்குப் பென்ஷன் வந்துவிடும் என்று நான் கிண்டல் செய்வேன். "வந்தா டீ வாங்கிக் குடுங்க" என்பார்.

மழைக்காலத்தில் ஒருநாள் மதியப் பஸ்ஸில் ஒரு பெண் வந்து இறங்கினாள். பாவாடை தாவணி, தோளில் துணிப்பை, இருபது வயதுகூட இருக்காது. பள்ளி விடுகிற வரைக்கும் பலாமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். நான் போய் யாரென்று கேட்டேன்.

"கணக்கு சாரோட தம்பி பொண்ணுங்க. வசந்தி."

விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் கணிதம் படிக்கிறாளாம். அந்த மறியலில் கேட்ட ஒதுக்கீட்டில்தான் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. அதை அவளே சொன்னாள், பெருமையும் வருத்தமும் கலந்து. மணி அடித்து அவர் வெளியே வந்தார். அவளைக் கடைசியாகப் பார்த்தபோது அவள் சின்னப் பிள்ளை. இருந்தாலும் யாரென்று கேட்கவில்லை. அம்மாவின் மூக்கு அப்படியே இருந்தது என்று பிறகு சொன்னார். "வா" என்றார். அவ்வளவுதான்.

மாலை பஸ்ஸில் மூவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தோம். அவர் ஜன்னலோரம், நடுவில் அவள், இந்தப் பக்கம் நான்.

"அப்பாவுக்கு ஒடம்பு சரியில்ல பெரியப்பா. ரெண்டு கிட்னியும் போயிடிச்சின்னு பாண்டிச்சேரில சொல்லிட்டாங்க. ரொம்ப நாள் தாங்காதாம். உங்கள ஒருவாட்டி பார்க்கணும்னு சொல்லிக்கினே இருக்காரு. நான் வந்தது அவருக்குத் தெரியாது."

அவர் பையிலிருந்து சிலேட்டை எடுத்தார். எனக்கு வந்த கோபத்தில் அதைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வீசிவிடலாம் என்றிருந்தது. அந்தப் பெண் அழப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவள் சிலேட்டின் மேல் விளிம்பில் இருந்த எண்ணைப் பார்த்தாள். மூன்றுகளை விரலால் எண்ணினாள்.

"பெரியப்பா, இத எங்க மேடம் மொத வருசமே நடத்துனாங்களே. இது பதினேழுல போவும்."

"பதினேழு மொத நாளே பார்த்தாச்சு."

"போவும் பெரியப்பா."

"மீதி வந்திச்சு. பார்த்தாச்சு."

"எவ்ளோ வந்திச்சு?"

அந்தக் கணக்கைப் பத்து வருஷத்துக்கு முன்னாலேயே சிலேட்டிலிருந்து துடைத்தாயிற்று. அவள் அவர் மடியிலிருந்து சிலேட்டை உரிமையோடு எடுத்து, பலப்பத்தையும் வாங்கிக்கொண்டு, பஸ் ஆடுகிற ஆட்டத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டு வகுக்க ஆரம்பித்தாள். முப்பத்துமூன்றில் ஒருமுறை, மீதி பதினாறு. நூற்று அறுபத்துமூன்றில் ஒன்பது முறை, மீதி பத்து. ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுச் சொன்னாள். பரீட்சை ஹாலில் மேற்பார்வை பார்க்கிறவர் மாதிரி அவர் கழுத்தை நீட்டிக்கொண்டு பார்த்தார். பஸ் கடைசி வளைவில் திரும்பியபோது அவள் கடைசி வரிக்கு வந்திருந்தாள்.

"எழுவத்துமூனுல நாலு வாட்டி, மீதி அஞ்சு. கடைசி ஒன்ன எறக்குனா அம்பத்தொன்னு. மூனு பதினேழு அம்பத்தொன்னு. மீதி இல்ல பெரியப்பா."

அவர் சிலேட்டை வாங்கி மேலிருந்து கீழ்வரை பார்த்தார். முதல் நாள் எங்கே தவறினாரோ, யாருக்குத் தெரியும்? ஏதாவது ஒரு வளைவில் பஸ் குலுங்கி ஐந்து ஆறாகியிருக்கலாம். ஏழாவது பகா எண்ணிலேயே கதவு திறந்திருக்கிறது. அதைச் சாத்திவிட்டு, ஆயிரக்கணக்கான படிகள் ஏறிப் போயிருக்கிறார். அன்றைக்கு முதல்முறையாக அவர் சிலேட்டைத் துடைக்கவில்லை. கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

அவள் அந்தச் சமயத்தைப் பிடித்துக்கொண்டாள். கெட்டிக்காரப் பெண்.

"அப்பா அந்த மரத்த வெட்டல பெரியப்பா. ஆயாவ வண்டியில வைக்கோலப் பிரிச்சிப் போட்டுப் படுக்கவெச்சிக்கினு போனாரு. மரம் குறுக்க கெடந்திச்சு. மரத்தோட கெள பள்ளம் வரிக்கும் போயிக் கெடந்ததால வண்டி சுத்திப் போவ முடியல. மறியல் பண்ணவங்ககிட்டயே கோடாலிய வாங்கி, வண்டி போற அளவுக்குக் கெளய வெட்டிக்கினு இருந்தாரு. வெட்டிக்கினு இருக்கும்போதே ஆயா போயிட்டாங்க. அத இன்னிக்கி வரிக்கும் நெனச்சி நெனச்சி அழறாரு. நீங்க வந்து கேப்பீங்க, சொல்லலாம்னு இருந்தாரு. நீங்க கேக்கவே இல்ல."

கச்சிராயபாளையம் வந்ததும் அவர், "நீ போ. நான் வரன்னு சொல்லு" என்றார். அவள் முகம் மலர்ந்த மலர்ச்சி எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

அடுத்த நாளே போய்விடுவார் என்று நினைத்தேன். லீவுகூடப் போட்டார். ஆனால் போனது களமருதூருக்கு இல்லை, எலவனாசூர்கோட்டைக்கு. அன்றைக்கு மரத்தடியில் இருந்தவர்கள் யார் யார் என்று விசாரித்திருக்கிறார். கேட்கவே கேட்காத மனுஷன் கேட்க ஆரம்பித்துவிட்டார். டீக்கடையில் கேட்டார். கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவர்களை வயலில் போய்க் கேட்டார். கோடாலி கொடுத்த ஆளையே கண்டுபிடித்துவிட்டார். அவர், "ஆமாங்க, பாவம், அம்மாவுக்காகக் கெள வெட்டுனாரு. நாங்களுந்தான் கூட வெட்டுனோம்" என்று சொல்லியிருக்கிறார். அன்றைக்கு ஊர் வாசலில் பற்றவைத்த மாமாவையும் விடவில்லை. அவரோ, "கோடாலியோட பார்த்தன்னுதான சொன்னன், ரோட்ட மறிக்க வெட்டுனான்னா சொன்னன்?" என்று சட்டமாகக் கேட்டாராம்.

"அப்புறம் என்ன சார்? தம்பியைப் போய்ப் பாருங்க" என்றேன்.

"போறன் டீச்சர். இன்னும் ரெண்டு மூனு பேரு பாக்கி இருக்காங்க. ஒருத்தன் பெங்களூர்ல கட்டட வேலைக்குப் போயிருக்கானாம், பொங்கலுக்கு வருவான்."

"அவன் வந்து என்ன புதுசா சொல்லப் போறான்?"

"ஒருத்தர் சொன்னத நம்பித்தான் அன்னிக்கிக் கெட்டன். இந்தவாட்டி ஒன்னியும் வுடக்கூடாது. எல்லாத்தையும் பார்த்து முடிச்சிட்டு, ஒரு சந்தேகமும் இல்லாம அவன் கால்ல வுழணும்."

நான் வாரத்துக்கு ஒருமுறை சொன்னேன். திட்டியும் சொன்னேன். அவர் ஒவ்வொரு முறையும் சரி என்றார். பெங்களூர்க்காரன் பொங்கலுக்கு வந்தான், அதையே சொன்னான். பிறகு கேரளாவில் ஒருவன் இருப்பதாகத் தெரியவந்தது. தம்பி முகத்தில் விழிக்கப் பயம் என்று அவர் வாயால் ஒருமுறை சொல்லியிருந்தால் நானே கையைப் பிடித்து அழைத்துப் போயிருப்பேன். அவர் சொன்னது, பாக்கி இருக்கிறது, பாக்கி இருக்கிறது என்பது மட்டும்தான். அந்த விஷயத்தில் எனக்கு அவர்மேல் இன்றுவரை கோபம் தீரவில்லை. அவ்வளவு நல்ல மனுஷன்மேல் கோபமாக இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது.

மாசி மாதத்தில் ஒருநாள் காலைப் பஸ் டிரைவர்தான் சேதி கொண்டுவந்தார். நாங்கள் பள்ளி வாசலில் இறங்கிக்கொண்டிருந்தோம். டிரைவர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, களமருதூரிலிருந்து வந்த ஆள் பஸ் ஸ்டாண்டில் சொல்லிவிட்டுப் போனதைச் சொன்னார். மேலே ஏறுகிற வரைக்கும் சொல்ல மனசு வரவில்லையாம். அதே பஸ்ஸில் திரும்பி இறங்கினோம். நானும் கூடப் போனேன். தனியாக விட மனமில்லை.

தம்பியைப் பந்தலில் கிடத்தியிருந்தார்கள். அண்ணனின் முகம்தான், கொஞ்சம் கறுத்து, இளைத்து. மறியல் வெற்றி பெற்ற வருஷம் எடுத்த ஒரு போட்டோவில் மாலையோடு சிரித்துக்கொண்டிருந்தார். இவர் கால்மாட்டில் போய் நின்றார். விழவும் இல்லை, அழவும் இல்லை. கூட்டத்தில் எலவனாசூர்கோட்டை ஆட்களும் இருந்தார்கள். அத்தனை பேரும் இவர் போய்க் கேட்டு வந்தவர்கள்தான்.

வசந்தி எழுந்து வந்தாள். தம்பியிடம் கடைசிவரை எதையும் கேட்காத மனுஷன் அன்றைக்கு அவளிடம் கேட்டார்.

"என்னப் பத்தி எதனா கேட்டானாம்மா?"

"ஒன்னும் கேக்கல பெரியப்பா. நீங்க வரன்னு சொன்னீங்கன்னு அன்னிக்கே வந்து சொன்னன். அதுலேருந்து தெனம் சவரம் பண்ணிக்கினு, வெள்ளச் சட்ட போட்டுக்கினு, பஸ்ஸு வர நேரத்துக்குக் கட்டில்ல எழுந்து ஒக்காந்துக்குவாரு. ஒக்கார முடியாம போனப்புறங்கூட சட்டய மாட்டிவுடச் சொல்லுவாரு. நேத்துகூட போட்டுவுட்டன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் குரல் உயரவில்லை. கணக்கில் சந்தேகம் கேட்கிற பிள்ளை மாதிரிதான் கேட்டாள்.

"பதினேழு ஒன்னு கெடச்சா போதுமே பெரியப்பா. அதுக்கு மேல எதுக்கு வகுத்துக்கினே இருந்தீங்க?"